உள்ளே இரண்டு, வெளியே ஒன்று

ஆகஸ்ட் 22, செவ்வாய்

இந்த மஞ்சள் புத்தகம் ஆபீஸில் கொடுத்தது. மழையில் நனைந்தாலும் எழுத்து கலையாத தாள். இடது பக்கம் நீர்மட்டம், வலது பக்கம் குறிப்பு. நான்கு வருடமாக வலது பக்கத்தில் நான் எதுவும் எழுதியதில்லை. காலியாகக் கிடக்கிறதே என்று எழுதுகிறேன்.

இன்று நீர்மட்டம் அளக்கும் மூன்று நிலையங்கள். மேட்டுநிலத்து நிலையத்தில் ஓடைநீர் 0.41 அடி. நடு நிலையத்தில் பாட்டரி மாற்றினேன். கீழ் நிலையத்தில் கருவிப் பெட்டிக்குள் ஒரு பல்லி செத்துக் காய்ந்து கிடந்தது. எடுத்து வெளியே போட்டேன்.

சாப்பாடு: ஃப்ரீஸரில் இருந்த உருளைக்கிழங்கு. சாவு விழுந்த வீட்டுக்கென்றே சர்ச் பெண்கள் செய்வது, சீஸும் நொறுக்கிய கார்ன்ஃப்ளேக்ஸும் போட்டு. இன்னும் நான்கு தட்டு பாக்கி. தட்டுக்கு அடியில் டேப் ஒட்டிப் பெயர் எழுதியிருக்கிறார்கள், கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று. ஒன்றையும் கொடுக்கவில்லை.

என் மனைவி மேரன் போய் நூற்றைந்து நாள்.

ஆகஸ்ட் 26, சனி

போனில் மேரனின் அம்மா லாரீனின் குரல் பதிவாகியிருந்தது. மூன்று முறை கேட்டேன். கூப்பிடவில்லை.

"டாலன், நான் லாரீன். கல்லுக்காரர் மறுபடியும் கேட்டுட்டாரு. பனி விழுந்தா மண்ணு தோண்ட முடியாதாம். எப்ப கொண்டு வரேன்னு சொல்லு கண்ணு. நீ பேசலேன்னா பரவாயில்லை, தலையையாவது ஆட்டு. உன் போன்ல அது தெரியாதுதான்..."

அதற்குப் பிறகு ஒரு நிமிடம் வைக்காமல் இருந்திருக்கிறார். பின்னால் டிவி சத்தம்.

கல் என்றால் இரட்டைக் கல். எங்கள் ஊர்க் கல்லறையில் எல்லோருக்கும் அப்படித்தான். இடது பக்கம் மேரன் பெயர், பிறந்த நாள், போன நாள். வலது பக்கம் என் பெயர், பிறந்த நாள், ஒரு கோடு, அதற்குப் பிறகு வெறும் இடம். வரைந்த தாளை லாரீன் தபாலில் அனுப்பியிருந்தார். எனக்கு முப்பத்திரண்டு வயது. அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேரன் அலமாரியில் இருக்கிறாள். சாம்பலாக, தண்ணீர் புகாத அவளுடைய நீலப் பையில். ஐந்து பவுண்டு மூன்று அவுன்ஸ். ஆபீஸ் தராசில் எடை போட்டேன். ஏன் போட்டேன்?

ஆகஸ்ட் 30, புதன்

0.41. 0.41. 0.42.

செப்டம்பர் 3, ஞாயிறு

கடையில் கோல்பியைப் பார்த்தேன். மேரனின் அண்ணன். பால் எடுக்கும் இடத்தில் நேருக்கு நேர். அவன் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு நாய்த் தீனி இருக்கும் பக்கம் போனான். அவனிடம் நாய் கிடையாது.

அவன் என்னோடு கடைசியாகப் பேசியது மே மாதம். "எரிச்சிட்டியேடா. எங்கம்மா போய் நின்னு அழக்கூட ஒரு இடம் இல்லாம பண்ணிட்டியே."

அவர்கள் குடும்பத்தில் யாரையும் எரித்ததில்லை. மேரன் கேட்டாள் என்று எத்தனை முறை சொல்வது? அவள் சர்ச்சுக்குப் போவதை நிறுத்தியதையே இன்னும் அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

அவள் சொன்ன இடம் லாஸ்ட் மேர் பள்ளத்தாக்கு. ஏழாவது மைலில், பாறைக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும் குகை. காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, ஆரஞ்சு உரித்துக்கொண்டே, "நான் செத்தா என்னை இங்க விட்டுடு" என்றாள். இருபத்தாறு வயது அப்போது. நான் சிரித்தேன். அவள் ஆரஞ்சுத் தோலை ஒன்று விடாமல் பொறுக்கிக் குப்பைப் பையில் போட்டாள்.

"அது மட்கிடும்டி."

"எத்தனை வருஷத்துல? இந்த வெயில்ல, இந்த வறட்சியில? நீதானே இன்ஜினியர், கணக்கு போட்டுச் சொல்லு."

மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை அவளுக்கு அதுதான் வேலை, சம்பளம் கிடையாது. அந்தப் பள்ளத்தாக்கில் மற்றவர்கள் போட்டுவிட்டுப் போனதையெல்லாம் முதுகில் சுமந்து வெளியே கொண்டு வருவாள். ஒருமுறை இரும்பு வாணலி. உள்ளே போனதெல்லாம் வெளியே வரணும் என்பாள்.

அவள் போன அன்று நான் மேல் நிலையத்தில் இருந்தேன். அங்கே சிக்னல் கிடையாது. காலை பத்து மணிக்குக் கடை வரிசையில் நின்றவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாளாம். மூளையில் ஒரு ரத்தக் குழாய் வெடித்திருக்கிறது. நான் மேட்டில் ஏறிப் போனைப் பார்த்தபோது மணி நான்கு. ஆறு மணி நேரம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, எனக்கு மட்டும் தெரியாது. அந்த ஆறு மணி நேரம் நான் பைப்பில் சேறு சுரண்டிக்கொண்டிருந்தேன். விசில் அடித்துக்கொண்டு.

செப்டம்பர் 10, ஞாயிறு

முடிவு செய்துவிட்டேன். வியாழன் உள்ளே போகிறேன், ஞாயிறு திரும்புகிறேன். அவளை அங்கே விட்டுவிட்டால் லாரீனுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்காது. சொல்வதற்கு எதுவும் மிஞ்சாது.

இது கோழைத்தனமா? ஆமாம் என்றுதான் நினைக்கிறேன்.

ஆபீஸில் இரண்டு நாள் லீவு மட்டும் கேட்டேன். எங்கே போகிறேன் என்று யாருக்கும் சொல்லவில்லை. எங்கே போனாலும் சொல்லிவிட்டுப் போக எனக்கு இருந்தது ஒரே ஆள்.

செப்டம்பர் 14, வியாழன். பள்ளத்தாக்கு, மூன்றாவது மைல்

காலை ஏழு மணிக்கு வாயிலில் வண்டியை விட்டேன். வேறு வண்டி இல்லை. தகரப் பெட்டிக்குள் அதே பதிவேடு, அதே கயிறு, அதே குட்டைப் பென்சில். உள்ளே போகிறவர்கள் முன்பக்கம், வெளியே வருகிறவர்கள் பின்பக்கம். பெயர், வண்டி எண், எத்தனை பேர், எத்தனை இரவு. எட்டு வருடமாக நிரப்பும் கட்டங்கள். நிரப்பிவிட்டு மூடினேன்.

முதல் மைல் மணல். பிறகு தண்ணீர், கணுக்கால் வரை. இரண்டு பக்கமும் சுவர் ஏறிக்கொண்டே போகிறது. பத்து மணிக்கு மேல்தான் வெயில் பள்ளத்தாக்கின் அடிக்கு வருகிறது, பதினொன்றரைக்கு ஏறிப் போய்விடுகிறது.

மூட்டையில் ஐந்து பவுண்டு மூன்று அவுன்ஸ் அதிகம். தோளில் தெரியவே இல்லை. தெரிய வேண்டும் என்று இருந்தது.

டென்ட் போட்டேன். இடது பாதியில் படுக்கையை விரித்தேன்.

செப்டம்பர் 15, வெள்ளி. ஏழாவது மைல்

குகைக்கு வந்துவிட்டேன். தண்ணீர் சொட்டுகிறது. நிமிடத்துக்கு நாற்பத்தியிரண்டு சொட்டு. ஐந்து நிமிடம் எண்ணிச் சராசரி எடுத்தேன். பழக்கம்.

ஒருவர்கூட எதிரில் வரவில்லை. காலையிலிருந்து நான் ஒரு வார்த்தை பேசவில்லை. சோதித்துப் பார்க்க "ஹலோ" என்றேன். எதிர்ச்சுவர் திருப்பிச் சொன்னது. என் குரல் மாதிரி இல்லை, கொஞ்சம் சின்னதாக இருந்தது.

டீக்குத் தண்ணீர் கொதிக்க வைத்தேன். இரண்டு கப் வைத்துவிட்டேன். ஒன்று ஆறிப்போனது. கீழே கொட்டக் கூடாது, அதையும் குடித்தேன்.

செப்டம்பர் 16, சனி. அதே இடம்

முடியவில்லை.

காலை எட்டிலிருந்து குகையில் உட்கார்ந்திருந்தேன். பை மடியில். வாயைச் சுருட்டி கிளிப் போட்டிருக்கிறது. கிளிப்பைத் திறந்தேன், மூடினேன், திறந்தேன். சுவரோரமாக ஒரு சாக்லேட் தாள் கிடந்தது. எழுந்து போய் எடுத்து மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அப்படியே நின்றுவிட்டேன்.

ஒரு சாக்லேட் தாளை இங்கே விடமாட்டேன். அவளை விட்டுட்டுப் போகணுமா?

நீதான் சொன்னே மேரன். உள்ளே போனதெல்லாம் வெளியே வரணும்னு நீதான் சொன்னே. இங்கேயே விட்டுடுன்னு சொன்னதும் நீதான். எதைடி நான் கேக்கறது? எதைச் சொல்லும்போது நீ சும்மா சொன்னே? இதைக் கேக்கறதுக்குக்கூட நீ இல்லையே.

கிளிப்பை மூடிவிட்டேன்.

செப்டம்பர் 17, ஞாயிறு

வெளியே வந்துவிட்டேன். பதிவேட்டின் பின்பக்கத்தில் எழுதினேன்: 12:40, ஒரு ஆள்.

அவளை வீட்டுக்குள் எடுத்துப் போக மனமில்லை. மறுபடி அந்த அலமாரியா? பிக்கப்பின் பின்சீட்டில் வைத்து பெல்ட் மாட்டினேன். மாட்டாவிட்டால் சீட் பீப் பீப் என்கிறது, அதற்காகத்தான்.

நாளை வேலை. மத்தியானத்துக்கு மேல் மேட்டுநிலத்தில் மழை என்கிறார்கள்.

செப்டம்பர் 19, செவ்வாய்

நேற்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

மதியம் 1:15, மேல் நிலையம். 0.41. வடக்கே வானம் கறுத்து மேட்டுநிலத்தின்மேல் உட்கார்ந்துவிட்டது. 1:35க்கு 2.9 அடி. 1:50க்கு 5.2. இந்த நிலையத்தை வைத்த பிறகு நான் பார்த்ததிலேயே அதிகம். இந்த ஓடைதான் கீழே லாஸ்ட் மேருக்குள் போகிறது. இங்கே எகிறிய தண்ணீர் அந்தக் குகைக்குப் போய்ச் சேர மூன்று மணி பத்து நிமிடம். பழைய அளவுகளை வைத்து நானே போட்ட கணக்கு. 4:45.

விதிப்படி மேட்டில் ஏறிப் போனில் எச்சரிக்கை சொல்ல வேண்டும். ஏறினேன். போன் உயிர் வந்து துடிக்க ஆரம்பித்தது. பதினோரு செய்தி. மே மாதமும் இப்படித்தான், இதே மேட்டில், இதே கல்லின் மேல் நின்று. ஒரு கணம் எனக்கு இது எந்த மாதம் என்று தெரியவில்லை.

எல்லாம் ரோண்டாவிடமிருந்து. லாஸ்ட் மேருக்கு ரேஞ்சர். நவஹோ பழங்குடிப் பெண், மேரனோடு சேர்ந்து குப்பை சுமந்தவள். கூப்பிட்டேன்.

"அப்பாடா! எங்கேடா போய்த் தொலைஞ்சே? அவங்க எங்கே?"

"எவங்க?"

"உன்கூட வந்தவங்க! முன்பக்கம் ரெண்டு பேருன்னு எழுதியிருக்கே, பின்பக்கம் ஒரு ஆளுன்னு எழுதியிருக்கே. இன்னொரு ஆள் எங்கே?"

முன்பக்கம் என்ன எழுதினேன் என்று யோசித்துப் பார்த்தேன். கட்டம் ஞாபகம் வந்தது. பென்சில் ஞாபகம் வந்தது. எழுதியது வரவில்லை. எட்டு வருடமாக அந்தக் கட்டத்தில் நான் வேறு எண் எழுதியதே இல்லை.

"யாரும் வரலே ரோண்டா. நான் மட்டும்தான் போனேன்."

"உன் கையெழுத்து டாலன்."

"தெரியும்."

அவள் மூச்சு விடுவது கேட்டது. பிறகு மெல்லச் சொன்னாள். "வெர்லும் கோல்பியும் பத்தரைக்கே உள்ளே போயிட்டாங்க. மழைக்கு முன்னாடி பார்த்துட்டு வந்துடலாம்னு."

வெர்ல் எங்கள் ஊர்த் தேடல் குழுவின் தலைவர். அறுபத்தெட்டு வயது. கோல்பி அதில் தொண்டன்.

"ரோண்டா, மேலே அஞ்சு அடி போகுது."

"அய்யோ. உள்ளே ரேடியோ எட்டாதே!"

"நான் மாட்டுப்படி வழியா இறங்கறேன். நீ வாயிலை மூடு."

இல்லாத ஒரு ஆளைத் தேடி இரண்டு பேர். நான் அனுப்பிய இரண்டு பேர்.

அந்தக் காலத்தில் மாடுகளை இறக்கப் பாறையில் வெட்டிய படி ஒன்று விளிம்பிலிருந்து குகைக்குப் பக்கத்தில் இறங்குகிறது. மண் ரோட்டில் ஒரு மணி இருபது நிமிடம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின்சீட்டில் மேரன் பெல்ட்டோடு குதித்துக்கொண்டு வந்தாள். 3:20க்கு விளிம்பு. இறங்க முப்பத்தைந்து நிமிடம். அடியில் நின்றபோது வானம் நீலம், ஓடை கணுக்காலளவு, தெளிவு. பார்க்கிற யாரும் நம்பமாட்டார்கள்.

முதலில் குரல்தான் கேட்டது. கோல்பி கத்திக்கொண்டிருந்தான்.

"ஏங்க! டாலனோட வந்தவங்களே! பேரு தெரியாதுங்க! கேட்டா ஒரு சத்தம் குடுங்க!"

சுவர் அதைத் திருப்பித் திருப்பிச் சொன்னது. குகையில் நான் டென்ட் போட்டிருந்த இடத்தில் மண்டி போட்டு மணலைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரே ஆளின் கால்தடம்தான் இருந்திருக்கும். அதனால் இன்னும் பயந்திருந்தான்.

என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்தான். "எங்கேடா அவ? எங்கே விட்டே?"

"மேலே ஏறு கோல்பி. தண்ணி வருது."

"அவளை விட்டுட்டு எப்படிடா ஏறறது? மனுஷனாடா நீ?"

"அவ இல்லடா."

"இல்லேன்னா? செத்துட்டாளா?"

"ஆமா," என்றேன். "மே மாசமே."

அவன் கை சட்டையிலிருந்து விடவில்லை. ஆனால் பிடி தளர்ந்தது. வளைவைத் தாண்டி வெர்ல் வந்தார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார்.

"பசங்களா, அழறதா இருந்தா மேல போய் அழலாம். காத்து மாறிடுச்சு."

உண்மைதான். பள்ளத்தாக்கின் மேலிருந்து குளிர்ந்த காற்று வந்தது, ஈர மண் வாசனையோடு. மணி 4:20. வெர்லின் வலது முட்டி மடங்கவில்லை. நான் முன்னால் இழுத்தேன், கோல்பி பின்னால் தள்ளினான். "என்னை என்ன ஃப்ரிட்ஜ்னு நினைச்சீங்களா?" என்று திட்டிக்கொண்டே ஏறினார். படியில் பாதி தூரத்தில் ஒரு திட்டு. அறுபது அடி உயரம். அங்கே உட்கார்ந்தோம்.

4:56க்கு வந்தது. என் கணக்கைவிடப் பதினோரு நிமிடம் தாமதம். முதலில் வெறும் நுரையும் பைன் காய்களும், முழங்கால் உயரத்தில், உருண்டுகொண்டு. அதன் பின்னால் சுவரிலிருந்து சுவர் வரை சிவப்புத் தண்ணீர். ஒரு முழு காட்டன்வுட் மரம் வேரோடு நின்றபடியே போனது. பாறை உருளும் சத்தம் காதில் இல்லை, உட்கார்ந்த இடத்தில் வந்தது. குகையின் தரை போனது. என் டென்ட் இருந்த இடம், நான் உட்கார்ந்திருந்த இடம், கோல்பி மண்டி போட்ட இடம்.

பிறகு கோல்பி என்னைப் பார்க்காமல் கேட்டான்.

"ஏன்டா ரெண்டுன்னு எழுதினே?"

"எழுதினதே தெரியாது."

"அவளை இங்கே விட வந்தியா?"

"ஆமா. முடியலே."

"இப்ப எங்கே?"

"வண்டியில. பின்சீட்டுல. பெல்ட் போட்டிருக்கேன்."

அவன் சிரிக்க ஆரம்பித்தான். பிறகு அது சிரிப்பாக இல்லை. முகத்தை முழங்காலில் வைத்துக்கொண்டான். நான் அழுதேனா என்று தெரியவில்லை. சட்டை நனைந்திருந்தது.

வெர்ல் தொப்பியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார், "அப்ப வெளியேயும் ரெண்டுன்னுல்ல எழுதியிருக்கணும் நீ. அதோட போயிருக்கும். என் முட்டியாவது தப்பிச்சிருக்கும்."

இருட்டுவதற்குள் விளிம்புக்கு வந்துவிட்டோம். கோல்பி பின்சீட்டில்தான் ஏறினான், அவளுக்குப் பக்கத்தில்.

செப்டம்பர் 20, புதன்

ரோண்டாவைப் பார்க்கப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான். அவள் கேட்க விடவில்லை.

"தினமும் பாதிப் பேர் தப்பாத்தான் எழுதுவாங்க. நாயைக்கூட ஒரு ஆளா கணக்குல சேர்ப்பாங்க. வேற யாரா இருந்தாலும் ஒரு நாள் பொறுத்திருப்பேன். நீ அரை அங்குலம் ஒத்துவரலேன்னா திரும்ப மலை ஏறி அளக்கிறவன். நீ ரெண்டுன்னு எழுதினா ரெண்டுதான்னு நம்பிட்டேன்."

கிளம்பும்போது கூப்பிட்டாள். "டாலன், நாலு மாசத்துல நீ போட்ட வேற எண் எதையாவது திரும்பப் பார்த்தியா?"

பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து மே பத்திலிருந்து எல்லாவற்றையும் எடுத்தேன். அளவுகள் எல்லாம் சரி. ஒன்றில்கூடத் தப்பில்லை. அது எனக்கு ஏனோ ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

செப்டம்பர் 22, வெள்ளி

லாரீன் வந்தார். கதவைத் தட்டவில்லை, அவரிடம் மேரனின் சாவி இருக்கிறது. ஃப்ரீஸரைத் திறந்து தட்டுகளை வெளியே எடுத்து அடுக்கினார்.

"இது ஜூன் மாசத்துது. இதைச் சாப்பிட்டா உன்னையும் எரிக்க வேண்டியதுதான்."

சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். நான் சிரித்துவிட்டேன். நான்கு மாதத்தில் முதல் முறை என்று நினைக்கிறேன். அவர் உட்கார்ந்தார். மேஜையின் அந்தப் பக்கம், மேரனின் நாற்காலியில் இல்லை, அதற்கு அடுத்ததில்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். பெட்ரோல் பங்க் பொண்ணு போன வெள்ளிக்கிழமை அந்த ரிஜிஸ்டரைப் பார்த்துட்டு வந்து ஊரெல்லாம் சொல்லிட்டா. டாலன் யாரையோ கூட்டிட்டுப் போயிருக்கான்னு. மூணு நாள் உன்னைத் திட்டினேன். வாயில வராத வார்த்தையெல்லாம் வந்துச்சு, ஞாயித்துக்கிழமை சர்ச்சுல உக்காந்துகிட்டும் திட்டினேன். திங்கக்கிழமை காலைல பாத்திரம் கழுவும்போது, சரி, இருந்துட்டுப் போகட்டும், சின்னப் பையன்தானேன்னு தோணிச்சு. யாரோ ஒருத்தி அவனுக்கு டீ போட்டுக் குடுக்கறா, அவ்வளவுதானே."

தட்டின் அடியில் இருந்த டேப்பைச் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

"அன்னிக்கு ராத்திரி கோல்பி சேறும் சகதியுமா வந்து, யாருமே இல்லைம்மா, அவன் மட்டும்தான் போனான்னு சொன்னான். அதுக்குத்தான் அழுதேன் கண்ணு. மூணு நாள் அழலே. அதுக்கு அழுதேன்."

போனில் அவர் கேட்டிருந்த மாதிரி தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று அவருக்குத் தெரிந்தது.

"கல்லுல என் பேர் வேண்டாம் லாரீன்."

"போடலே. அந்தப் பக்கம் சும்மா இருக்கட்டும். வயசாகி வந்து கேட்டா வெட்டிக்கலாம். கேக்கலேன்னா வேண்டாம்."

செப்டம்பர் 27, புதன்

இரண்டு தட்டு திருப்பிக் கொடுத்தேன். கதவில் வைத்துவிட்டு ஓடி வரவில்லை. ஒருவர் வீட்டில் காபி இல்லாததால் சூடான சாக்லேட் கொடுத்தார்கள். வெயிலில் வேர்த்துக் கொட்டக் குடித்தேன்.

ராத்திரிச் சாப்பாடு தனியாகத்தான். அது மாறவில்லை.

அக்டோபர் 7, சனி

சின்னக் குழி. கோல்பி தோண்டியிருந்தான், வேறு யாரையும் மண்வெட்டியைத் தொட விடவில்லை. நீலப் பையோடு வைக்கலாமா என்று கேட்டார்கள். வேண்டாம், பை மட்காது, அவள் கத்துவாள் என்றேன். கோல்பி தலையாட்டினான். பையிலிருந்து ஒரு அட்டைப் பெட்டிக்கு மாற்றி வைத்தோம்.

அவள் கேட்ட இடம் இதுவல்ல. அதைத் தெரிந்தேதான் செய்தேன். அவள் அம்மாவுக்குப் போய் நிற்க ஓர் இடம் இருக்கிறது. அவள் சொன்ன இரண்டில் ஒன்றைத்தான் என்னால் கேட்க முடிந்தது. உள்ளே போனவளை வெளியே கொண்டு வந்துவிட்டேன். கோபமென்றால் கோபித்துக்கொள், மேரன். நான் இங்கேதான் இருக்கிறேன்.

காலிப் பை மூன்று அவுன்ஸ். கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.

அக்டோபர் 16, திங்கள்

மேல் நிலையம். 0.40. அன்று நான் கிளம்பிய பிறகும் ஏறியிருக்கிறது, வெள்ளம் வந்த தடம் என் தலைக்கு மேல் பாறையில் கோடாக இருக்கிறது. பெயின்ட்டால் தேதி எழுதினேன்.

செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றை ஆபீஸில் கேட்டு வாங்கிக்கொண்டேன். உள்ளங்கை அளவு. நான்கு வருடமாக அலமாரியில் சும்மா கிடந்திருக்கிறது. நானே கேட்டிருக்கலாம். முதல் செய்தி யாருக்கு அனுப்புவது என்று கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்திருந்தேன். லாரீனுக்கு அனுப்பினேன்: மேலே இருக்கிறேன், ஆறு மணிக்கு வருவேன்.

பதில் வந்தது. "சரி. எதுக்குச் சொல்றே?"

இரண்டு நிமிடம் கழித்து இன்னொன்று. "தினமும் சொல்லு."

அக்டோபர் 21, சனி

லாரீனுக்கு அறுபத்துமூன்று வயது. இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து நாற்பது மைலில் வாழ்ந்து ஒருமுறைகூட உள்ளே வந்ததில்லை. "அந்தப் பொண்ணு என்னத்தைத்தான் பொறுக்கினான்னு பார்க்கணும்" என்றார். முதல் தண்ணீர் வரை போகலாம், ஒரு மைல்தான் என்றேன். கோல்பி பள்ளத்தாக்கு வாயில் வரைக்கும் புலம்பிக்கொண்டே வந்தான், அம்மாவின் செருப்பைப் பற்றி.

தகரப் பெட்டியைத் திறந்து பென்சிலை எடுத்தேன். லாரீன் என் கையிலிருந்து பிடுங்கினார்.

"நீ குடு இங்கே. உனக்கு எண்ணத் தெரியாது."

கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, எங்கள் மூன்று பேரையும் விரலால் ஒவ்வொருவராகத் தொட்டு எண்ணி எழுதினார். நான் எட்டிப் பார்க்கவில்லை.

தண்ணீரில் காலை விட்டார். "அம்மாடி, என்ன குளிரு" என்றார். எடுக்கவில்லை. காட்டன்வுட் இலைகள் மஞ்சளாகி மிதந்து வந்துகொண்டிருந்தன. வெள்ளம் கொண்டு வந்த பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று கரையில் செருகியிருந்தது. கோல்பி அதைக் காலால் தட்டினான். பிறகு என்னைப் பார்த்தான். குனிந்து எடுத்துத் தன் மூட்டையில் போட்டுக்கொண்டான்.

அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டே முன்னால் நடந்தார்கள். நான் பின்னால். வளைவில் ஒருமுறை நின்று மேலே பார்த்தேன், அந்தக் குகை இருக்கும் திசையில். இன்னும் ஆறு மைல். இன்றைக்கு வேண்டாம்.

வெளியே வந்து பின்பக்கத்தில் லாரீன் எழுதினார்: 2:15, மூன்று பேர்.

முன்பக்கத்தைத் திருப்பி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது.